ரெட்வுட் காட்டில் ஜூலைக் குளிர்

கோடை விடுமுறைக்குக் கலிபோர்னியாவின் வடக்கே போகிறோம், உலகிலேயே உயரமான ரெட்வுட் மரங்களைப் பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மா பெட்டியில் பருத்திப் புடவைகளாக அடுக்கினாள். ஜூலை மாதம் என்றால் வெயில்தானே? திரும்பி வரும்போது அம்மா, என் கணவர், நான் என எங்கள் மூன்று பேருக்கும் இருமல். ஆனால் அந்தக் குளிரும் ஈரமும் இல்லையென்றால் நாங்கள் பார்க்கப் போன மரங்களே இல்லை என்பது வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. தங்கிய இடங்களில் ராத்திரி எழுதி வைத்த குறிப்புகளை நாள்வாரியாகப் போடுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய் – மியூர் உட்ஸ்

சன்னிவேலில் கிளம்பும்போது நல்ல வெயில். கோல்டன் கேட் பாலத்தில் ஏறினால் மூடுபனியில் தூண்களின் மேல்பாதியைக் காணவில்லை. ஜன்னலைத் திறந்த அம்மா உடனே மூடிவிட்டு, "இது என்னடி, மார்கழியா?" என்றாள்.

மியூர் உட்ஸ் என்ற ரெட்வுட் காட்டுக்கு ஆளுக்கு 15 டாலர் கட்டணம். காரை நிறுத்த முன்பதிவு வேண்டும். அந்தப் பதிவை வீட்டிலேயே அச்செடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னலே கிடையாது.

உள்ளே நுழைந்ததும் அம்மா மேலே பார்க்கவில்லை. நேராகப் போய் ஒரு மரத்தின் பட்டையில் கையை வைத்தாள். தேங்காய் மட்டையை உரித்தால் வருமே, அந்த மாதிரி நார். விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது. வயதான மரங்களில் இந்தப் பட்டை ஓர் அடி கனம் வரை இருக்குமாம். மற்ற ஊசியிலை மரங்களில் இருக்கும் அளவுக்கு இதில் பிசின் இல்லை, அதனால் காட்டுத் தீ வந்தாலும் சட்டென்று பிடிக்காது. பல மரங்களின் அடியில் ஆள் நுழையும் அளவுக்குக் கரிந்த பொந்துகள் இருக்கின்றன. அந்த மரங்களெல்லாம் மேலே பச்சையாகத்தான் நிற்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்கு தப்பியதே பெரிய விஷயம். சுற்றிலும் வெட்டித் தீர்த்த காலத்தில், 1905-இல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் இதை விலைக்கு வாங்கினார்கள். அணை கட்ட வேண்டும் என்று ஒரு தண்ணீர்க் கம்பெனி நெருக்கியபோது ஒரு பகுதியை அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1908-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

கதீட்ரல் குரோவ் என்ற இடத்தில் சத்தம் போட வேண்டாம் என்று ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பலகையைத் தாண்டியதும் அத்தனை பேரும் கிசுகிசுப்புக்கு மாறினார்கள், டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1945 மே மாதம் ஐ.நா. சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள் இங்கே வந்துதான் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

இங்கே உள்ள மரங்கள் 80 மீட்டரைத் தொடுவதில்லை. வடக்கே போகப் போக உயரம் கூடும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். தக்காளி சூப்பும் ரொட்டியும் 13 டாலர். சூடாக இருந்தது, அன்றைக்கு அது போதும்.

ஜூலை 10, புதன் – யூகையாவிலிருந்து வியாட் வரை

நேற்றிரவு தங்கிய யூகையா கடலிலிருந்து ஒரு மலைத்தொடர் தள்ளி இருக்கிறது. காலை 10 மணிக்கே காரின் இருக்கை சுட்டது. சுற்றிலும் காய்ந்த புல், ஓக் மரங்கள், திராட்சைத் தோட்டம். ஒரு ரெட்வுட் காடு கண்ணில் படவில்லை. ரெட்வுட் வளரும் நிலப்பரப்பின் அகலம் எவ்வளவு குறைவு என்பதை இந்த வெயில்தான் காட்டியது. தெற்கே பிக் சர் தாண்டிய மலைகளில் தொடங்கி வடக்கே ஓரிகன் எல்லையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது இந்தக் காடு. நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல், அகலம் பெரும்பாலும் 10 முதல் 55 கிலோமீட்டருக்குள். கடலிலிருந்து மூடுபனி எட்டும் தூரம்தான் கிட்டத்தட்ட அதன் எல்லை. இயற்கையாக வேறெங்கும் இது வளர்வதில்லை.

லெகெட் தாண்டியதும் சாலை இருட்ட ஆரம்பித்தது. அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ் என்ற பழைய சாலையில் திரும்பினால், மரங்கள் தார் ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. இவர் காரை ஊர்ந்து ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பில் நின்றுகொண்டிருக்கும் மரங்களைவிட விழுந்து கிடக்கும் ஒன்றுதான் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. டையர்வில் ஜயன்ட். 1991 மார்ச் மழையில், பக்கத்து மரம் ஒன்று சாய்ந்து இன்னொன்றின்மேல் மோத, அது ஒரு வாரம் கழித்து இதன்மேல் விழ, இதுவும் சாய்ந்தது. விழுந்த ஓசை ஒரு மைல் தள்ளிக் கேட்டதாம், ரயில் மோதிவிட்டது என்று நினைத்தார்களாம். நீளம் 110 மீட்டர். அதன் வேர்ப்பக்கம் போய் நின்றோம். வேர்த்தட்டு வீட்டு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது, அதன்மேல் பெரணிகளும் ஹக்கிள்பெரிச் செடியும் முளைத்திருக்கின்றன. ஆனால் ஆணிவேர் என்று ஒன்றைக் காணோம்.

அம்மா நம்பவில்லை. "ஆணிவேர் இல்லாம இவ்வளவு பெரிய மரம் எப்படிடி நிக்கும்?"

நிற்பது பக்கவாட்டில்தான். ரெட்வுட்டின் வேர் இரண்டிலிருந்து நான்கு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. ஆனால் நாலாபக்கமும் 30 மீட்டர் வரை படர்ந்து பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். தனியாக நிற்கும் ஒரு மரத்தைவிடக் கூட்டத்தில் நிற்பது காற்றுக்குத் தாங்கும். ஒன்று விழுந்தால் பக்கத்தில் உள்ளதும் ஆடிப்போவது அதனால்தான்.

அங்கிருந்து வியாட் ஊருக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தின் உச்சியில் பலகை தொங்குகிறது. 1964 டிசம்பரில் ஈல் ஆறு பெருகியபோது தண்ணீர் நின்ற மட்டம், சாலையிலிருந்து 33 அடி உயரம். ஊரே போய்விட்டது. மரங்கள் நின்றன. வெள்ளம் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அடிமரத்தை மூடினால் மற்ற மரங்களின் வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ரெட்வுட் அந்தப் புது வண்டலுக்குள்ளேயே மேல்மட்டத்தில் புது வேர் விடும். மிக உயரமான மரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைச் சமவெளிகளில் இருப்பது இந்த வண்டலால்தான்.

வழிக்கடையில் ஒரு சாண் ரெட்வுட் கன்றை பிளாஸ்டிக் குழாயில் வைத்து 12 டாலருக்கு விற்றார்கள். அம்மாவுக்கு ஆசை. எங்கே நடப் போகிறீர்கள் என்று கடைக்கார அம்மாள் கேட்டார். கோவில்பட்டி என்றாள் அம்மா. மழை எவ்வளவு பெய்யும், கோடையில் பனிமூட்டம் வருமா, மண் எப்படி என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் மொழிபெயர்த்தேன். கரிசல், பங்குனி சித்திரை வெயில் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவே கன்றைத் தட்டில் வைத்துவிட்டாள். "பாவம், அது இங்கயே இருக்கட்டும்."

தங்கிய விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பகலில் 35 டிகிரி, விடியற்காலை 11. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ராத்திரியே மூடுபனி ஏறி வந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன் – யுரேகா

முழு நாளும் சாம்பல் நிறம். சூரியனைப் பார்க்கவே இல்லை. பெட்ரோல் காலன் 5 டாலரைத் தாண்டி நின்றது. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் நின்ற இளைஞன் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தேனும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்கள், என் பாட்டி சொல்வது" என்றான்.

யுரேகாவில் கார்சன் மாளிகை என்ற பிரம்மாண்டமான மரவீட்டைச் சாலையில் நின்று பார்த்தோம். 1880-களில் வில்லியம் கார்சன் என்ற மரவியாபாரி கட்டியது. ரெட்வுட்டின் வைரம் பாய்ந்த கட்டை லேசில் உளுக்காது, கரையான் சீக்கிரம் தொடாது. அதிலுள்ள டானின் வகைச் சத்துகள்தான் காரணம், சிவப்பு நிறமும் அதோடு வந்ததே. 1906 நிலநடுக்கத்தில் எரிந்த சான் பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டவும் இந்த மரம்தான் கப்பல் கப்பலாகப் போனது. ஒருகாலத்தில் 20 லட்சம் ஏக்கர் இருந்த பழங்காட்டில் இன்று மிஞ்சியது சுமார் 5 சதவீதம்.

மதியம் நடந்த இடத்தில் ஓர் அடிக்கட்டை. எங்கள் கார் அதன்மேல் நிற்கும். தரையிலிருந்து தோளுயரத்தில் கட்டையில் இரண்டு சதுரக் குழிகள் செதுக்கியிருந்தன. மரம் வெட்டியவர்கள் அந்தக் குழிகளில் பலகை செருகி, அதன்மேல் நின்று ரம்பம் இழுத்திருக்கிறார்கள். குழியின் ஓரத்தில் கோடரி விழுந்த தடம்கூட அழியவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் அந்தக் கட்டையைச் சுற்றி வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு மரங்கள் எழும்பி நின்றன. வெட்டிய மரத்தின் வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் கிளைத்தவை, அதாவது அதே மரம்தான். ஊசியிலை மரங்களில் இப்படித் துளிர்ப்பது அபூர்வம்.

ஜூலை 12, வெள்ளி – லேடி பேர்ட் ஜான்சன் குரோவ், பிரெய்ரி கிரீக்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளைத் திரும்ப வாழக் கொடுத்தால் இதைத்தான் கேட்பேன்.

தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆரிக் ஊரைத் தாண்டி மலையேறினால் 350 மீட்டர் உயரத்தில் லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு. காரை விட்டு இறங்கும்போது மழை பெய்வதாக நினைத்துக் குடையை விரித்தோம். வாகன நிறுத்தத்தில் ஒரு சொட்டு இல்லை. மரத்தடிக்குப் போனால் டப் டப்பென்று விழுகிறது. திரும்ப வெளியே வந்தால் நின்றுவிடுகிறது. அம்மா குடையோடு இரண்டு மூன்று முறை உள்ளேயும் வெளியேயும் போய் வந்து பார்த்தாள்.

நடைபாதைத் தொடக்கத்தில் நின்ற தன்னார்வலர், எழுபது வயதிருக்கும், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். விழுந்து கிடந்த ஒரு கிளையை எடுத்துக் காட்டினார். தட்டை ஊசியிலைகள் இருபுறமும் வரிசையாக, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. காற்றில் மிதந்து வரும் பனித்துளிகள் இந்த இலைகளில் மோதித் திரண்டு கீழே விழுகின்றன. மழை இங்கே ஆண்டுக்கு 150 முதல் 200 சென்டிமீட்டர், ஆனால் அத்தனையும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் கொட்டி முடிந்துவிடும். கோடையில் வானம் ஒன்றும் தராது. அந்த நேரத்தில்தான் இந்தப் பனி. டாட் டாசன் என்ற அறிவியலாளர் இந்தக் கடற்கரையில் அளந்து பார்த்ததில், ரெட்வுட் காட்டுக்கு ஓராண்டில் வந்த மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டியது. மரம் தனக்கு வேண்டிய மழையைத் தானே பெய்வித்துக்கொள்கிறது. அடியில் உள்ள பெரணி, சோரல் கீரை, பாசி எல்லாம் அதில் பங்கு கேட்டு வாழ்கின்றன.

இலை நேரடியாகவும் தண்ணீரை உறிஞ்சும் என்றார் அவர். உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது லேசான காரியமில்லை. 100 மீட்டருக்கு மேல் புவியீர்ப்பை எதிர்த்து இழுக்க வேண்டும். அதனால் மேலே போகப் போக இலைகள் குறுகி, தடித்து, செதில் மாதிரி ஆகிவிடும். இன்னொரு கிளைத் துணுக்கை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். உச்சியிலிருந்து காற்றில் முறிந்து விழுந்தது. வேறு மரத்து இலை என்றே சொல்லலாம். ஜார்ஜ் காக் குழுவினர் 2004-இல் மரங்களில் ஏறி அளந்து, இந்த இனம் 122 முதல் 130 மீட்டருக்கு மேல் வளர முடியாது என்று கணக்கிட்டார்கள். இப்போதைய சாதனை ஹைப்பீரியன் என்ற மரம், சுமார் 116 மீட்டர். 2006-இல் கண்டுபிடித்தார்கள்.

அதைப் பார்க்கலாமா என்று இவர் கேட்டார். முடியாது. 2022 முதல் அந்தப் பகுதி மூடல், மீறினால் 5,000 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழியே இல்லாத இடத்தில் ஆட்கள் புதரை மிதித்துப் போய்ப் போய், மரத்தடியில் பெரணிகூட முளைப்பதில்லையாம். "மிதிச்சா மரத்துக்கு என்ன ஆகும்?" என்றாள் அம்மா. டையர்வில்லில் பார்த்த வேர்தான் பதில். உணவெடுக்கும் வேர்கள் மேல்மண்ணிலேயே இருக்கின்றன, மண் இறுகினால் தண்ணீரும் காற்றும் இறங்காது. இந்தத் தடை சரியானது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கிளம்பும்போது அவர் ஒரு கூம்புக்காயைக் காட்டினார். ஓர் அங்குல நீளம்தான். ஒரு கிலோ விதை எடுத்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் எண்ணிக்கை வரும், அவ்வளவு பொடி. அதில் முளைப்பது கொஞ்சமே. முளைக்கவும் சருகில்லாத வெறும் மண் வேண்டும். தீயோ வெள்ளமோ வந்து தரையைத் துடைத்தால்தான் அது கிடைக்கும்.

மதியம் பிரெய்ரி கிரீக் சாலையில் எல்க் மான்கூட்டம் குறுக்கே நடந்தது. எல்லாக் கார்களும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. அந்தச் சாலையை 2014-இல் இரவு நேரத்தில் மூடிவிட்டார்கள். மரத்தின் அடியில் புடைத்திருக்கும் முடிச்சுகளை ராத்திரியில் ரம்பத்தால் அறுத்துத் திருடினார்களாம், மேசை செய்ய. அந்த முடிச்சுக்குள்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மரம் பின்னால் துளிர்ப்பதற்காக வைத்திருப்பது.

மலைச்சரிவுச் சாலை வேலைக்காக கிரெசன்ட் சிட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம். கீழே கடல் இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. பின்னால் நின்ற டிரக்காரர் இறங்கி வந்து, வரிசையில் இருந்த ஒவ்வொரு காருக்கும் ஒரு பிடி செர்ரி கொடுத்துக்கொண்டே போனார். கொட்டையைப் போட ஒரு காகிதப் பையும் சேர்த்து. அம்மா பதிலுக்கு முறுக்கு டப்பாவை நீட்டினாள். நின்ற இடத்திலேயே கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 13, சனி – ஸ்டவுட் குரோவ்

காலையில் கடற்கரை. மணலை ஒட்டி ரெட்வுட் இல்லை, ஸ்ப்ரூஸ் மரங்கள்தான். பனி வேண்டும், ஆனால் உப்புக்காற்று ஆகாது. அதனால் முதல் வரிசையை ஸ்ப்ரூஸுக்கு விட்டுவிட்டு ஒரு மலை தள்ளி உட்கார்ந்திருக்கிறது இந்த மரம்.

ஹவ்லாண்ட் ஹில் சாலை மண்சாலை. எதிரில் கார் வந்தால் ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். அன்றைக்கு எல்லோரும் முந்திக்கொண்டு பின்னால் போனார்கள், கை காட்டினார்கள். ஸ்டவுட் குரோவ் 44 ஏக்கர், ஸ்மித் ஆற்று வண்டல்மேல் நிற்பது. 1929-இல் கிளாரா ஸ்டவுட் என்பவர் தன் கணவர் நினைவாகக் கொடுத்தது. கணவர் மரவியாபாரி. வெள்ளம் அவ்வப்போது அடிப்புதரை வாரிக்கொண்டு போவதால் தரை சுத்தமாக, பெரணி மட்டும் முழங்கால் உயரத்தில். அம்மா கைத்தடியில்லாமல் நடந்தாள். பனானா ஸ்லக் என்ற மஞ்சள் நிற ஓடில்லா நத்தை ஒன்று பாதையைக் கடக்கும்வரை நின்று பார்த்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

எட்டு மணி நேரம் கார். ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 15, திங்கள் – பிக் பேசின்

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம் என்பதால் இதையும் பார்த்துவிடலாம் என்றார் இவர். இருமலோடு கிளம்பினோம். கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, 1902-இல் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் மின்னல் பிடித்த தீயில் 97 சதவீதம் எரிந்தது. தலைமை அலுவலகக் கட்டடம் போயிற்று.

நிழல் இல்லை. வெயில் நேராகத் தரையில் விழுகிறது. டக்ளஸ் ஃபர் மரங்கள் பெரும்பாலும் செத்து வெளுத்து நிற்கின்றன. ரெட்வுட்களுக்குக் கிளையே கிடையாது, கரித்தூண். ஆனால் அந்தத் தூணின் அடியிலிருந்து உச்சி வரை, பட்டையைப் பொத்துக்கொண்டு பச்சைக் குஞ்சம் குஞ்சமாகத் துளிர். கரியைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது, அதற்குப் பக்கத்திலேயே விரல் நீளத்துக்கு இளந்தளிர். அடியில் கிளைத்தவை எங்களைவிட உயரம். அந்த மொட்டுகள் நூற்றாண்டுகளாகப் பட்டைக்குள் காத்திருந்தவை என்றும், அவற்றை வளர்த்த சர்க்கரை பல பத்தாண்டுகளுக்கு முன்பு மரம் சேமித்து வைத்தது என்றும் 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எனக்குக் கவலை தீயைப் பற்றி இல்லை. வடக்கே 200 சென்டிமீட்டர் மழை வாங்கும் மரங்களுக்கே பனி வேண்டியிருக்கிறது, தெற்கே மழை அதில் பாதிக்குப் பக்கம். டாசனும் ஜேம்ஸ் ஜான்ஸ்டனும் 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தக் கடற்கரையில் கோடைப் பனிமூட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வெட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்தலாம். பனி வராமல் போனால் யாரிடம் போய் நிற்பது? புவி சூடாவதுதான் காரணம் என்றால், வண்டி ஓட்டுவதிலும் மின்சாரம் எரிப்பதிலும் நாம் எல்லோரும் அதில் சேர்த்திதான்.

பூங்காப் பெண்மணியிடம், இவை மறுபடி பழைய உருவத்துக்கு எப்போது வரும் என்று கேட்டேன். மேல்கூரை மூட பல பத்தாண்டு ஆகும் என்றார். விதை? அதற்கு முதலில் மகரந்தம் வேண்டும், நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை அது உதிரும், மழை இல்லாத ஒரு பகல் பார்த்து வந்தால் மரத்திலிருந்து மஞ்சள் புகை மாதிரி கிளம்புவதைப் பார்க்கலாம் என்றார். அம்மாவின் விசா பிப்ரவரி வரை இருக்கிறது. "ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டுடுங்க மாப்பிள்ளை" என்று காரில் ஏறியதும் சொல்லிவிட்டாள். இவரும் சரி என்றார். இந்தத் தடவை கம்பளிச் சட்டை எடுத்து வைக்க வேண்டியது என் பொறுப்பு.